அன்புசெல்வி வரைந்த என் வாய்

அன்புசெல்விக்கு முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எட்டாம் வகுப்பில் அவள் எங்களோடு சேர்ந்தபோது அவளைப் பற்றி நாங்கள் முதன்முதலில் கண்டுபிடித்ததும் இதைத்தான். அவள் நன்றாகப் படம் வரைவாள் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னும் ஆறு மாதம் தேவைப்பட்டது.

அவள் பிறந்தது விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில். நாலு வயதில், அம்மா விஜயராணியின் மடியில் தூங்கிக்கொண்டே பஸ்ஸில் திருப்பூர் வந்து சேர்ந்தாளாம். அப்பா மூக்கையாவும் கூடத்தான் வந்தார். ஒரு பனியன் கம்பெனியில் எட்டு மாதம் பண்டல் தூக்கிப் பார்த்தார். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் வெளியே வெயிலா மழையா என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, ஊருக்கே திரும்பி ஆடு மேய்க்கப் போய்விட்டார். அம்மாவும் மகளும் இங்கேயே தங்கிவிட்டார்கள். திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே எட்டு வீட்டு லைன் ஒன்றில் ஆறாவது கதவு அவர்களுடையது. எட்டுக் கதவுக்கும் ஒரே குழாய். தண்ணீர் வரும்போது அங்கே நடக்கும் சண்டையைப் பார்க்கவே நான் சைக்கிளை அந்தப் பக்கமாக விடுவேன்.

விஜயராணி அக்கா ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மார்க்கிங் வேலை பார்த்தார். சட்டையில் பாக்கெட் எங்கே உட்கார வேண்டும், பட்டன் எங்கே வர வேண்டும் என்று தைப்பதற்கு முன்பே பேனாவால் புள்ளி வைக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டைக்குப் புள்ளி வைப்பாராம்.

எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே கிடையாது. கீழே பத்து மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்கு அப்பா ஜாப் ஒர்க் செய்கிறார். குழந்தைகள் ஜட்டி மட்டும்தான். ஜட்டிக்குப் பாக்கெட் கிடையாது, பட்டன் கிடையாது, ஆகவே புள்ளியும் கிடையாது. ஜட்டிக்குப் பின்பக்கம் கரடி, குரங்கு என்று பிரிண்ட் போட்டு வரும். அவ்வளவுதான் எங்கள் கலை.

ஆனால் எங்கள் யூனிட்டிலும் செக்கிங் உண்டு. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே இருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே டேமேஜ் என்று அர்த்தம். எட்டாம் வகுப்பில் ஜூலை மாதம், அந்த ஸ்டிக்கர் ரோல் ஒன்றை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

முதலில் தண்ணீர்த் தொட்டியில் ஒழுகுகிற இடத்தில் ஒட்டினேன். ஹெச்.எம். அதைப் பார்த்து, யாரோ பொறுப்பான மாணவன் என்று பிரேயரில் பாராட்டி, தொட்டியைச் சரிசெய்யவும் சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மனிதர்கள்மேல் ஒட்ட ஆரம்பித்தேன். கணக்கு சாரின் சட்டைக் கிழிசலில், காது பெரிதாக இருந்தவன் காதில், குட்டையாக இருந்தவன் உச்சந்தலையில். என்னோடு இரண்டு பேர். ஒருவன் கிட்டுசாமி, எப்போதும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிகிறவன். இன்னொருவன் முனீஸ். அவனும் தெற்கேயிருந்து வந்த குடும்பம்தான். ஆனால் ஒரே வருடத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டு, எங்களையே மிஞ்சுகிற மாதிரி வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவான்.

ஒருநாள் மதியம் அன்புசெல்வியின் மேலுதட்டில் ஒட்டினேன். அம்பு பல்லைக் காட்டியது.

"டேய், இங்கொரு டேமேஜு! பாருங்கடா!" என்று கிட்டு கத்தினான்.

"ரிஜெக்ட்டுங்க, ரிஜெக்ட்டுங்க" என்று முனீஸ் குதித்தான்.

வகுப்பே சிரித்தது. அவள் அழவில்லை. மெல்ல ஸ்டிக்கரை உரித்து, நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் ஒட்டினேன். அடுத்த நாளும். தீபாவளிக்குள் அவள் நோட்டின் பின்னட்டை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக இருக்கும். அதைக்கூட அவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருந்தாள்.

தீபாவளி லீவு முடிந்து அவள் வரவில்லை. ஊரிலிருந்து திரும்பவில்லை போல என்று நினைத்தோம். இருபது நாள் ஆன பிறகு எங்கள் வகுப்பாசிரியை ரோஸ்மேரி டீச்சர் லைன் வீட்டுக்கே போய் விசாரித்திருக்கிறார். மறுநாள் விஜயராணி அக்கா மகளைக் கையில் பிடித்தபடி வகுப்பு வாசலில் வந்து நின்றார். நாங்கள் மூன்று பேரும் கடைசி பெஞ்சில் சட்டென்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டோம். என்னுடையது தலைகீழாக இருந்தது.

"டீச்சர், நீங்க வந்து சொன்னதால கூட்டியாந்தேன்" என்றார் விஜயராணி அக்கா. "யாரு எவன்னு எம்மவ சொல்ல மாட்டேங்கா. நான் கேக்கவும் இல்ல. பல்லு வச்சது சாமி. அதுக்குப் பள்ளிக்கூடத்துல வந்து பதில் சொல்ல முடியாது. இன்னொரு தடவ இவ இங்கன இருந்து கண்ணக் கசக்கிட்டு வந்தான்னா, அதோட சரி. வர்ற சித்திரையில பதினாலு முடியுது. என் கூடவே கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"அப்படி நடக்காதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்புசெல்வி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் நான் ஸ்டிக்கரை வெளியே எடுக்கவில்லை. பயத்தினால்தான், வேறொன்றும் இல்லை.

அடுத்த வாரம் அவள் ஒரு புத்தகத்தோடு வந்தாள்.

அது காகிதப் புத்தகம் இல்லை, பனியன் துணிப் புத்தகம். கம்பெனியில் கட்டிங்கில் மிஞ்சும் வெள்ளைத் துணியை அவள் அம்மா கொண்டுவருவார். அதைச் சதுரமாக வெட்டி, அட்டைமேல் இழுத்துக் கட்டி, பேனாவால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் படம் வரைந்து, பிறகு அட்டையை உருவிவிட்டு, ஓரத்தில் கையால் தைத்திருந்தாள். பேனாவும் அம்மாவுடையதுதான். பாதி தீர்ந்த கருப்பு, நீலம், சிவப்பு. கதையின் பெயர் ‘செகண்ட்ஸ் செல்லம்மா’. செகண்ட்ஸ் என்றால் சின்னக் குறை இருப்பதால் ஏற்றுமதிக்குப் போகாத சரக்கு. எங்கள் ஊரில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அதுதான்.

கதையில் செல்லம்மாவுக்குப் பல் முன்னால் இருக்கும். அவளை மூன்று பேர் வம்புக்கு இழுப்பார்கள். ஒருவன் பெயர் காலர். எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் நீளுகிற இன்னொருவன் எலாஸ்டிக். மூன்றாமவன் தலைவன், ஓவர்லாக் வாயன். ஓவர்லாக் மிஷின் கடகடவென்று கத்திக்கொண்டே ஓரத்தை வெட்டும் இல்லையா, அப்படி எப்போது பார்த்தாலும் யாரையாவது வெட்டிக்கொண்டே இருக்கிற வாய். அவனுக்கு உடம்பில் முக்கால் பாகம் வாய்தான்.

முதல் அத்தியாயத்தில் ஓவர்லாக் செல்லம்மாவின் உதட்டில் அம்பை ஒட்டுகிறான். அம்பு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இங்கே டேமேஜ் ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, இறங்கி நடந்துபோய் அவன் வாய்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அவனை விடுவதே இல்லை. முடிவெட்டப் போனால் கூடவே போகிறது. கக்கூசுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று உள்ளே கையைக் காட்டுகிறது. இரண்டாவது அத்தியாயத்தில் கம்பெனிக்காரர்கள் ஓவர்லாக்கைத் தெரியாமல் பாலிபேக்கில் போட்டு, பெட்டி கட்டி, ஜெர்மனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பையன் அவனைப் போட்டுக்கொண்டு விளையாடிவிட்டு, சுடுதண்ணியில் துவைத்துவிடுகிறான். ஓவர்லாக் கைக்குழந்தை சைஸுக்குச் சுருங்கித் திரும்பி வருகிறான். வாய் மட்டும் சுருங்கவில்லை.

இதில் இன்னொரு வேலை செய்திருந்தாள். பனியன் துணி இழுத்தால் நீளும் அல்லவா? ஓவர்லாக் வருகிற பக்கமெல்லாம் ஓரத்தில் ‘இங்கே பிடித்து இழுக்கவும்’ என்று எழுதியிருந்தாள். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அவன் வாய் காது வரைக்கும் போகும். விட்டால் சுருங்கும். மேலும் கீழும் இழுத்தால் கொட்டாவி விடுவான்.

பள்ளிக்கூடமே வரிசையில் நின்று என் வாயை இழுத்தது. ஆறாம் வகுப்புப் பொடியன்கள் இன்டர்வெல்லில் ஓடிவந்து, "அக்கா, ஒருக்கா இழுத்துக்கறேன்க்கா" என்று கெஞ்சினார்கள். சத்துணவு ரங்காத்தாள் அக்காகூட ஒருநாள் கரண்டியோடு நின்று, "வா சாமி ஓவர்லாக்கு, முட்டை வாங்கிக்க கண்ணு. இன்னொண்ணு வேணுமா, அந்த வாய்க்கு எப்படிப் பத்தும்?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் பையிலிருந்து புத்தகத்தைத் திருடினேன். கிழிப்பதற்குத்தான். வீட்டு மாடியில் உட்கார்ந்து, கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடலாமே என்று திறந்தேன். என் சட்டையில் மூன்றாவது பட்டன் மட்டும் வேறு கலர். அறுந்ததை நானே தைத்தது. என் அம்மாவே அதைக் கவனித்ததில்லை. ஓவர்லாக்கின் சட்டையில் மூன்றாவது பட்டனை மட்டும் அவள் நீலத்தில் வரைந்திருந்தாள். ஜெர்மனியிலும் அதே பட்டன். குழந்தையாகச் சுருங்கிய பிறகும் அதே பட்டன். என்னை யாராவது அவ்வளவு உற்றுப் பார்ப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கக்கூஸ் பக்கம் வந்ததும் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்பே போய்ப் புத்தகத்தை அவள் பையில் வைத்துவிட்டேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. அதில் ஓவர்லாக், கால் நுனியில் நடந்துவந்து யாருடைய பையிலோ எதையோ திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

அம்பு ஸ்டிக்கர் ரோலை அன்றைக்கே சாக்கடையில் போட்டேன். கிட்டு கேட்டதற்கு, தீர்ந்துபோச்சு என்றேன்.

மார்ச்சில் ஆண்டு விழா வந்தது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாக விரித்துக் கம்பியில் மாட்டி, விழா ஹாலில் எல்லாரும் பார்க்க வைக்கப்போவதாக ரோஸ்மேரி டீச்சர் சொன்னார். கடைசி அத்தியாயத்தை மட்டும் அன்புசெல்வி யாருக்கும் காட்டவில்லை. அந்த நாலு பக்கத்தையும் சுற்றிப் பச்சை நூலால் தைத்து மூடியிருந்தாள். விழா அன்று பிரிப்பாளாம். விஜயராணி அக்கா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். மகள் என்ன வரைகிறாள் என்று அவரும் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. அன்புசெல்வி இப்போதெல்லாம் வாயைக் கையால் மூடாமல் பேசினாள். ஒன்பதாம் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்றுகூடத் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். இவ்வளவு பேர் இழுத்து இழுத்து, பக்கமெல்லாம் சுருட்டிய பாய் மாதிரி ஆகிவிட்டது. "இதைக் கம்பியில மாட்டினா ஒண்ணுமே தெரியாதே அன்பு. ஏதாவது பாரம் வச்சு நேராக்கு" என்று டீச்சர் சொன்னார். அவள் அரிசி டின்னுக்கு அடியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். எடுத்ததும் திரும்பச் சுருண்டது. விழாவுக்கு முந்தின நாள் புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்றேன்.

"டீச்சர், அத நான் நேராக்கிட்டு வர்றேனுங்க."

"எதை?"

"அந்தப் புஸ்தகத்தைங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீயா?"

"நானேதானுங்க."

"தரணி, இதுல விளையாடாதேப்பா. அந்தப் பிள்ளைக்கு இது விளையாட்டு இல்ல."

"சத்தியமாங்க டீச்சர்."

அவர் கொடுத்துவிட்டார். யாராவது என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சைக்கிளைக்கூட மெதுவாக ஓட்டினேன்.

எங்கள் யூனிட்டில் அயர்ன் மாஸ்டர் மொக்கைச்சாமி அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டீம் அயர்ன் சூடாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தேன். பிரிண்ட் போட்ட துணியை நேராக அயர்ன் செய்யக் கூடாது, கரடி பாதி பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் போட்டுத்தான் அடிக்க வேண்டும். எங்கள் யூனிட்டில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். படம் ஒரு முகத்தில் மட்டும்தான் இருந்தது, ஆகவே புத்தகத்தைக் குப்புறப் போட்டேன். துணி கெட்டுவிடக் கூடாது என்று மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்தேன். ஒவ்வொரு பக்கமாக, பின்பக்கத்திலிருந்து, ஓரம் சுருளாமல் பொறுமையாக அழுத்தினேன். தைத்து மூடிய நாலு பக்கத்தையும் பிரிக்காமல் அப்படியே அழுத்தினேன். அவ்வளவு அழகாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பிறகு படம் கலைந்துவிடக் கூடாது என்று, திறந்துகூடப் பார்க்காமல் மடித்து, பாலிபேக்கில் போட்டு மூடினேன். மேலே ஒரு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டினேன். எக்ஸெல். வேடிக்கைக்கு.

மறுநாள் மூன்று மணிக்கு ஹாலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. விஜயராணி அக்கா மூன்றாவது வரிசையில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கம்பியில் கிளிப் எல்லாம் மாட்டித் தயாராக இருந்தது. நான் போய் அன்புசெல்வியிடம் பாலிபேக்கை நீட்டினேன்.

"ஏ, இதென்ன எக்ஸெல்லு?" என்று சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

முதல் பக்கம் வெள்ளை. இரண்டாவது பக்கமும் வெள்ளை. அவள் வேகவேகமாகப் புரட்டினாள். தைத்து மூடிய நாலைத் தவிர எல்லாப் பக்கமும் பால் மாதிரி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தன.

"டேய் ஓவர்லாக்கு!" கிட்டு கைதட்டினான். "பெரிய ஆளுடா நீ! எல்லாத்தையும் தொடைச்சுப்போட்டு எப்பிடிடா மொகத்தை இப்படி வச்சிருக்கறே!"

அவ்வளவுதான், பின்னால் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். என்ன நடந்தது என்று தெரியாத பெற்றோர்களும் பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். நான் அவள் முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

"அயர்ன் அடிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"இது மார்க்கிங் பேனா. சூடு பட்டா போயிரும். தைச்சு முடிச்சு அயர்ன் பண்ணும்போது புள்ளி தெரியக் கூடாதுல்லா, அதுக்குத்தான் அந்தப் பேனா." பாடம் சொல்வது போல நிதானமாகத்தான் சொன்னாள். "எங்க வீட்ல அயர்ன் பாக்ஸ் கெடையாது. அதனால நான் யாருட்டயும் சொல்லல."

டீச்சர் வந்துவிட்டார். "சத்தியம் பண்ணினியேடா."

"எனக்குத் தெரியாதுங்க டீச்சர்."

அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்கு சாரின் சட்டைக்கும் அதைத்தான் சொன்னேன். கரும்பலகையில் எண்ணெய் பூசியதற்கும், பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கியதற்கும் அதே முகத்தோடு அதையேதான் சொன்னேன். எட்டு வருடமாக நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்துவைத்த ஒரே வாக்கியம் அது.

"டீச்சர், அவனுக்கு நெசமாவே தெரியாது" என்றாள் அன்புசெல்வி.

"நீ ஏம்மா இவனுக்குப் பரிஞ்சு பேசறே?" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விஜயராணி அக்கா எழுந்து வந்தார். யாரையும் திட்டவில்லை. வெள்ளைப் பக்கங்களைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். மகள் கையைப் பிடித்தார். "வா" என்றார். அன்புசெல்வி அதுவரை அழவில்லை. அம்மா கை பட்டதும்தான் அழுதாள். பல்லை மூடுவதற்காகக் கையை வாய்க்குக் கொண்டுபோய், அப்படியே அழுதாள்.

புத்தகம் மேடையோரம் கிடந்தது. எல்லாரும் டான்ஸ் பார்க்கத் திரும்பிய பிறகு நான் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஹெச்.எம். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா ஹெச்.எம். முன்னால் கை கட்டி நின்று, "தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து என்னை அடிக்கவில்லை. "ஏஞ்சாமி, ஒரு பொட்டப்புள்ள கஷ்டப்பட்டு எழுதினதை இப்படிப் பண்ணுவியா?" என்று மட்டும் கேட்டார். மொக்கைச்சாமி அண்ணன்கூட, அயர்ன் பெட்டியை நான் தொட்டுவிடாமல் நகர்த்தி வைத்தார்.

அவள் பரீட்சை எழுத வந்தாள். எழுதிவிட்டுப் போனாள். ஜூனில் ஒன்பதாம் வகுப்பு திறந்தபோது அவள் இடம் காலியாக இருந்தது. டீச்சர் இரண்டு முறை லைன் வீட்டுக்குப் போய்வந்தார். இரண்டு முறையும் தனியாகத்தான் திரும்பி வந்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். விஜயராணி அக்கா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்புசெல்வி இருக்குதுங்களா?"

"ஓவர்டைம் போயிருக்கா." நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, நீதான அந்தப் பய?"

"ஆமாங்க."

தண்ணீரை முகத்தில் ஊற்றுவார் என்று நினைத்தேன். அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கே சொன்னா, உனக்குத் தெரியாதுன்னு. தெரிஞ்சா என்ன, தெரியலன்னா என்ன. அவ்வளவு பேரு சிரிச்சானுவல்லா."

கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தத் துணி எங்க?"

"எங்கிட்டத்தான் இருக்குதுங்க."

"அந்த மை அப்படியே போயிறாதுடே. குளிர் பட்டாத் திரும்பி வரும். போன வருசம் எங்க கம்பெனிச் சட்டை ஒரு குளிர் நாட்டுக்குப் போயி, அங்க பாக்கெட்டச் சுத்தி வச்ச புள்ளி எல்லாம் மொளைச்சு வந்துட்டு. சட்டை வாங்குனவன் மெயிலுக்கு மேல மெயில் போட்டுத் திட்டுனான்."

கிட்டுவின் மாமாவுக்கு பிராய்லர் கடை இருக்கிறது. எதற்கு என்று சொல்லாமல், அங்கே ஃப்ரீசரில் கோழிக் கால்களுக்கு அடியில் புத்தகத்தை பாலிபேக்கோடு புதைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். கருப்பு வந்திருந்தது. நீலம் கொஞ்சம் மங்கலாக வந்திருந்தது. சிவப்பு, காவித் தண்ணீர் மாதிரி. செல்லம்மா, காலர், எலாஸ்டிக், ஜெர்மனி, கக்கூஸ் எல்லாம் இருந்தன. கோழி வாசனையும் இருந்தது. கடைக்குப் பின்னால் குத்தவைத்து, பச்சை நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு பஸ் ஸ்டாப். மழை. காலரும் எலாஸ்டிக்கும் இல்லை. பெஞ்சின் ஒரு முனையில் செல்லம்மா, மறு முனையில் ஓவர்லாக். அம்பு செல்லம்மாவின் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கம் முழுக்க மழை மட்டும்தான். நாலாவது பக்கத்தில் ஓவர்லாக் வாயைத் திறக்கிறான். அந்தப் புத்தகத்திலேயே முதல்முறையாக அவனுக்கு எல்லாரையும் போல ஒரு சின்ன வாய். மேலே பெரிதாக ஒரு பேச்சு வட்டம். வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

அது மட்டும் திரும்பி வரவில்லை போல என்று நினைத்தேன். மறுபடியும் ஃப்ரீசரில் வைத்தேன், இந்த முறை ஒரு வாரம். வட்டம் அப்படியே வெள்ளையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவள் கம்பெனி கேட்டுக்குப் போனேன். பதினொரு மணிக்கு டீ விட்டார்கள். கும்பலில் அவளும் வந்தாள். கழுத்தில் அட்டை, தலையில் துணிக் குல்லாய், விரலெல்லாம் நீலப் புள்ளி. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் டீ டம்ளரைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஜெர்மனி வந்ததும் சிரித்தாள். "கோழி நாத்தம் அடிக்கி" என்றாள்.

"டீச்சர் உன்னையக் கேட்டுட்டே இருக்கறாங்க. இப்ப வந்தாலும் சேத்துக்குவாங்களாம்."

"அம்மா விடாது. நானும் வரல." அதைச் சொல்லும்போது அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தது. நான் வட்டத்தைக் காட்டினேன். "இதுல இருந்தது மட்டும் வரல. என்ன எழுதியிருந்தே?"

"ஒண்ணும் எழுதல."

"எழுதலயா?"

"நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியல. விழா அன்னைக்குக் காலையில உங்கிட்டயே கேட்டு எழுதலாம்னு விட்டிருந்தேன்." பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தாள். கருப்பு. "இப்பச் சொல்லு."

எத்தனையோ பேரை வாயாலேயே ஓட ஓட விரட்டியவன் நான். "அயர்ன் அடிச்சது... அது தெரியாமப் பண்ணிப்போட்டேன், அன்பு" என்றேன்.

அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"அதுதான் எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றாள். "அதுக்கு முன்னாடி பண்ணுனதெல்லாம் தெரிஞ்சுதான பண்ணுன?"

உள்ளே பெல் அடித்தது. பெண்கள் டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினார்கள். யாரோ அவளை, "ஏ புள்ள அன்பு, உள்ள மிஷின் லைன் நிக்குது" என்று கூப்பிட்டார்கள். அவள் ஒரு நிமிடம் நின்றாள். உண்மையில் ஒரு நிமிடத்துக்கும் கூடவே நின்றாள். எனக்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் புத்தகத்தை மடித்து என் கையில் திணித்துவிட்டு, ஆறிப்போன டீயைச் செடிக்கு ஊற்றிவிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

கேட்டைச் சாத்த வந்த வாட்ச்மேன், "யாரு வேணும் கண்ணு?" என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க" என்றேன்.